வேம்பனின் வேலியில் ஒரு வழி

விர்ர்ர் என்று ஒரு சத்தம். கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்னால் அந்தச் சத்தம்தான் வந்தது. பிறகுதான் தெரிந்தது, முள்வேலிக்குள் கடற்காற்று நுழைகிறது என்று.

கேளுங்கள் மக்களே, கடலுக்கு யாரும் பெயர் வைக்காத காலம் அது. சிப்பிக்குடி என்றொரு தாழ்வான ஊர். வாசலில் கடல், பின்னால் மணல்மேடு. இரண்டுக்கும் நடுவே, ஊர் நீளத்துக்கும், தலைவர் வேம்பனின் அவரைத் தோட்டம்.

அந்த ஊரில் வலை பின்னும் கொற்றி பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். கண்ணை மூடினால் போதும், கடல் விருந்தாளிபோல் அவள் வீட்டுக்குள் வந்து, அடுப்போரம் ஓசையில்லாமல் நிற்கும். முன்னோர் காலத்தில் ஒருமுறை நிஜமாகவே வந்ததாம். மறுபடி வந்தால் இந்த வயிற்றோடு மேட்டுக்குப் போய்ச் சேருவேனா? இதுதான் அவள் கவலை.

நடந்து பார்த்தாள். உப்பங்கழி வழியாகப் போனாள். சேறு முழங்காலைப் பிடித்தது. உப்பள வரப்பில் போனாள். எதிரே ஓர் ஆடு வந்தாலே திரும்ப வேண்டியிருந்தது. வேலியைச் சுற்றிப் போனாள். பாதியிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் மேடு, கை நீட்டினால் தொடலாம்போல், நிலா நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது.

நேராக வேம்பனிடம் போனாள்.

“மாமா, தோட்டத்துக்கு நடுவே ஒரு வழி விடுங்க.”

“விட்டா ஊர் ஆடெல்லாம் என் அவரைக்கு விருந்துக்கு வருமே! கடல் வரட்டும், வேலியைப் பிரிச்சு விடுறேன். கட்டினவனுக்கு அவிழ்க்கத் தெரியாதா?”

“அப்ப இப்பவே கடல் வருதுன்னு வச்சுக்குங்க. அவிழ்த்துக் காட்டுங்க. நான் ஊரைக் கூட்டிட்டு வர்றேன்.”

சங்கு ஊதினார்கள். கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் வேலி முன் வந்து நின்றார்கள். வேம்பன் சிரித்துக்கொண்டே குனிந்தார். அந்த ஊரில் வேலியை ஈரப் பனைநாரால் கட்டுவார்கள். காயக் காய அது இறுகும். முதல் முடிச்சு நகத்தைப் பெயர்த்தது. இரண்டாவது அசையவே இல்லை. மூன்றாவதில் முள் உள்ளங்கையில் ஏறியது.

“சீக்கிரம் தலைவரே, தண்ணி இடுப்புக்கு வந்திருச்சு!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். வேம்பனின் பேத்தியை இடுப்பில் வைத்திருந்த அவர் மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. வேம்பன் அவளையே பார்த்தார்.

“அரிவாளைக் கொண்டாங்க” என்றார்.

வண்டி போகும் அகலத்துக்கு வேலி திறந்தது. கதவு வைக்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் முறைபோட்டு ஆடு விரட்டினார்கள். பௌர்ணமிதோறும் ஊரே அந்த வழியில் மேடேறிப் பழகியது. நடக்க முடியாதவரை யார் தூக்குவது என்பதையும் பழகியது.

கொற்றிக்கு நாள் நெருங்கிய ஒரு காலையில், கடல் தன் மடியைச் சுருட்டிக்கொண்டு தூரமாய்ப் போனது. மீன்கள் மணலில் துள்ளின. யாரும் பொறுக்கப் போகவில்லை. சங்கு ஒலித்தது. கொற்றியை இருவர் தாங்கிக்கொள்ள, முட்டாமல் மோதாமல், கனவில் நடப்பதுபோல் அவரைக்கொடிகளுக்கு நடுவே ஊர் நடந்தது. மேட்டில் ஏறி நின்றபின் கடல் வந்தது. வீடுகளைத் தூக்கியது, வேலியைத் தூக்கியது, அவரையைத் தூக்கியது. ஆளைத் தூக்கவில்லை.

மாலையில் கொற்றிக்குப் பெண் பிறந்தாள்.

“உங்க அவரை போச்சே மாமா.”

“போகட்டும் போ. ஆடுங்களுக்குத்தான் நட்டம்.”

ஆபத்து நாளில் ஓட வேண்டிய வழியை, ஆபத்து இல்லாத நாளிலேயே திறந்து வைக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்து சில நாள் ஆனது. கொற்றி பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தி, ஒரு கிழிந்த வலையை மடிக்கு இழுத்து, அறுந்த கண்களுக்கு முடிச்சுப் போடத் தொடங்கினாள்.