கிளையில் உட்காராத காவல்காரி

மூங்கில் காட்டு நடுவே ஒரு குளம் இருந்தது. அது தன் சொத்து என்று யானை சொல்லிக்கொண்டது. அதை யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை.

குளத்துக்குக் காவல் ஒரு குரங்கு. மருதமரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். புலி வந்தால் குரல் கொடுக்கும். தப்பித்த மான்கள் மரத்தடிக்கு வந்து, "உங்களால் பிழைத்தோம், அண்ணே!" என்று கும்பிடும். பழத்தைவிட அந்தக் கும்பிடுதான் குரங்குக்கு இனித்தது.

ஆனால் புல்லுக்குள் பதுங்கி வரும் புலி உச்சிக்குத் தெரிவதில்லை. அதனால் யானை ஓர் இளம் ஆள்காட்டிக் குருவியைத் தரைக்காவலுக்கு வைத்தது. அடுத்த முறை புலி வந்தபோது முதலில் கத்தியது குருவிதான். மான்கள் குருவியைச் சுற்றி நின்று கும்பிட்டன.

குரங்குக்கு வயிறு எரிந்தது.

"ஏய் குச்சிக்காலி! நேற்று வந்தவளுக்கு இவ்வளவு ஆட்டமா?" என்று கடித்த அத்திக்காயை எறிந்தது. குருவி தண்ணீர் குடிக்கப் போனால், "வேலை நேரத்தில் என்ன தண்ணீர்?" என்று விரட்டியது. குருவி பொறுத்துக்கொண்டது. கரைக் கற்களுக்கு இடையே அதன் முட்டைகள் கிடந்தன.

குரங்கு யானையிடம் போனது. குருவியின் பெயரைச் சொன்னால் தன் பொறாமை வெளியே தெரிந்துவிடுமே! எனவே பொதுவாகச் சொன்னது: "ஐயா, குளத்தில் வேலை செய்கிறவர்கள் கிளையில் உட்காரத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அதுதான் ஒழுங்கு."

மூங்கிலை மென்றுகொண்டே யானை, "அப்படியே ஆகட்டும்!" என்றது.

ஆள்காட்டியின் காலுக்குக் கிளையைப் பற்ற வராது. குரங்குக்கு அது தெரியும்.

"பொழுது சாய்வதற்குள் கரையை விட்டுப் போய்விடு!" என்று குரங்கு குருவியை மிரட்டியது.

"அண்ணே, முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே!"

"அது உன் பாடு!"

பாசி தின்று குளத்தைத் துப்புரவாக்கும் ஆமை சொன்னது: "பெரிய இடம், பெண்ணே. வாயை மூடிக்கொண்டு வேறு குளம் பார்."

பாம்பு விரட்டும் கீரி சொன்னது: "குரங்கின் வாலைக் கடித்துவிட்டு ஓடு!"

போனால் முட்டைகள் சாகும். கடித்தால் துரத்துவதற்குக் காரணம் கிடைத்துவிடும். குருவி யோசித்தது. பிறகு கரையான் பொறுக்கும் கவுதாரியிடம் கேட்டது: "அக்கா, உங்களுக்குக் கிளையில் உட்காரத் தெரியுமா?"

"எனக்கெதற்கடி கிளை? நான் தரையில்..." கவுதாரியின் வாய் பாதியில் நின்றது. "அடிப் பாவி! அப்படியானால் நாளைக்கு நானும் வெளியேதானா?"

இதைக் கேட்ட ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. "நான் கிளை ஏறுவதா!"

பொழுது சாயும் முன் எல்லோரும் யானை முன் போய் நின்றார்கள். மான்களும் கூடின.

"ஐயா, என் குற்றம் என்ன? எல்லோர் முன்னும் சொல்லுங்கள்!" என்றது குருவி.

"கிளையில் உட்காரவில்லை!" என்று குரங்கு கத்தியது.

"புலி வந்தபோது கத்தாமல் இருந்தேனா?"

"இல்லை, முதலில் கத்தியது இவள்தான்!" என்றது ஒரு மான்.

"இத்தனை காலம் காத்தவனுக்கு இதுவா மரியாதை?" என்று குரங்கு மார்பில் அடித்துக்கொண்டது.

"உங்கள் மரியாதை எங்கே குறைந்தது, அண்ணே? இவளுக்கும் கொஞ்சம் கொடுத்தோம், அவ்வளவுதானே!" என்றது அந்த மான்.

ஆமை மெதுவாகக் கழுத்தை நீட்டியது. "கிளை ஏறாத நாங்கள் எல்லோரும் இப்போதே போகிறோம், ஐயா. ஒன்றுதான் கேட்க வேண்டும். நீங்கள் எந்தக் கிளையில் உட்காரப் போகிறீர்கள்?"

மான்கள் சிரித்துவிட்டன. யானை மருதமரத்தை அண்ணாந்து பார்த்தது. "சட்டம் வாபஸ்!" என்று பிளிறிவிட்டுத் திரும்பி நடந்தது.

யானை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வழக்கம் அதற்கு இல்லை. குரங்கும் திருந்தவில்லை. ஆனால் அது அத்திக்காயை ஓங்கும்போதெல்லாம் கீழே ஆமையும் கீரியும் கவுதாரியும் நிமிர்ந்து பார்க்கும். ஓங்கிய கை இறங்கிவிடும். கரையில் குஞ்சுகள் பொரிந்து ஓடின.

நியாயமில்லாமல் வேலையை விட்டுத் துரத்தினால் தனியாக அழுதுகொண்டு போகாதீர்கள். உங்களைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும் காரணம் கேளுங்கள்.