சாகாத உடம்பு

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தேழு. சீடனுக்கு ஐம்பத்தாறு. யாருக்காவது இது இடித்தால் இடிக்கட்டும், நடந்தது அப்படித்தான்.

குருவின் பெயர் இசக்கியம்மாள். பாளையங்கோட்டைக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், மனித உடம்பின் நோய் எதிர்ப்பைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்ப்பது அவர் வேலை. திரையில் கிருமிகள் சிவப்புப் புள்ளிகளாக நுழையும். எதிர்ப்பு அணுக்கள் நீலப் புள்ளிகளாகக் கிளம்பி வரும். ஒரு வாரக் காய்ச்சல், கையில் இருக்கிற காபி ஆறுவதற்குள் ஓடி முடிந்துவிடும்.

சீடன் டாக்டர் ஞானசிகாமணி. நாகர்கோவிலில் குழந்தை வைத்தியர். ஒவ்வொரு மழைக்காலமும் டெங்குவுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்து மனம் வெறுத்துப்போய், வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இந்த வயதில் கணினி கற்க வந்தவர். பெரிய டாக்டர்கள் சின்னவர்களிடம் கற்க வருவது அபூர்வம். இவர் வந்தார். முதல் நாளே "டீச்சர்" என்று கூப்பிட்டார். வேண்டாம் என்று இசக்கியம்மாள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

டெங்குவில் பிள்ளைகளைக் கொல்வது கிருமி மட்டும் அல்ல. கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் சொந்தப் படை கண்மண் தெரியாமல் ஆடும். அப்போது ரத்தக் குழாய்கள் கசிந்து, ரத்தத்தில் இருக்கும் நீர் வெளியே போய்விடும். அந்தப் படையை அடக்குகிற மருந்து ஒன்று இருந்தது. வேறு நோய்க்குப் பெரியவர்களுக்குக் கொடுப்பது. டெங்கு வந்த பிள்ளைகளுக்கு யாரும் கொடுத்ததில்லை. சிகாமணி கணினிக்குள் கொடுத்துப் பார்த்தார். எத்தனை தடவை ஓட்டினாலும் காய்ச்சல் சீக்கிரம் இறங்கியது. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நிலையத்தின் இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. இசக்கியம்மாள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், திங்கட்கிழமை முதல் சிகாமணியின் வார்டில் சேர்கிற பிள்ளைகளுக்குச் சேர்ந்த அன்றே மருந்தை ஏற்றிவிடலாம்.

இசக்கியம்மாள் போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சிகாமணி வந்து அவர் மேசை முன் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏன் டீச்சர் கையெழுத்துப் போட மாட்டேங்கீங்க?"

"எனக்கு நம்பிக்கை வரல."

"நீங்க சொல்லிக்குடுத்த கணக்குதானே? உங்க மேலேயே உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

"இல்லை."

சிகாமணிக்குச் சுர்ரென்று ஏறியது.

"வார்டு நிறைஞ்சு வழியுது. தரையில பாயை விரிச்சுப் படுக்க வெச்சிருக்கோம். நீங்க இங்க ஏசியில இருந்துக்கிட்டு நம்பிக்கை வரலைங்கீங்க. நாளைக்கு ஒண்ணு செத்தா அந்த அம்மா மூஞ்சியில நீங்களா முழிக்கப் போறீங்க? நான்லா முழிக்கணும்!"

அறையில் தட்டச்சுச் சத்தம் எல்லாம் நின்றுபோனது. குருவிடம் இப்படிப் பேசுகிற சீடனைப் பழைய கதைகளில் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். இசக்கியம்மாளுக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவருக்கு அது பிடித்திருந்தது. அவர் நாற்காலியை இழுத்துக் கணினி முன்னால் போட்டார்.

"உக்காருங்க டாக்டர். ஒரு பிள்ளையைக் கொல்லுங்க."

"என்னது?"

"இதுக்குள்ளதான். மருந்து குடுங்க, குடுக்காம இருங்க, கிருமியை அள்ளிக் கொட்டுங்க. எப்படியாவது ஒரு பிள்ளையைச் சாகடிச்சுக் காட்டுங்க. அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசுவோம்."

"முப்பது வருசமா சாவோட மல்லுக்கட்டுதவன்கிட்ட சொல்லுத பேச்சா இது? முடியாது."

"சரி, கொல்ல வேண்டாம். ஏற்கெனவே போன பிள்ளை யாராவது?"

சிகாமணி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஜெபிஷா," என்றார். "போன ஐப்பசியில. ஏழு வயசு."

"அவளைப் போடுங்க."

அவர் எந்தக் காகிதத்தையும் தேடவில்லை. எடை, ரத்த அழுத்தம், தட்டணுக்கள் என்று எண்கள் விரலிலிருந்தே வந்தன. பாவம், மறக்க முயன்று தோற்றிருக்க வேண்டும். மருந்தையும் சேர்த்து ஓட்டினார்.

நீலப் புள்ளிகள் திரை முழுக்கப் பெருகி, மெல்ல அடங்கின. சிவப்பு காணாமல் போனது. ஜெபிஷா பிழைத்துவிட்டாள்.

"பாத்தீங்களா!" சிகாமணி எழுந்தேவிட்டார். கண் கலங்கியிருந்தது. "அன்னைக்கு இந்த மருந்து கையில இருந்திருந்தா பிள்ளை இன்னைக்குப் பள்ளிக்கூடம் போயிட்டு இருப்பா. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

"மருந்தை எடுத்துட்டு ஓட்டுங்க."

"எதுக்கு?"

"அன்னைக்கு மருந்து இல்லையே."

எடுத்துவிட்டு ஓட்டினார். காய்ச்சல் கூடுதலாகக் கொஞ்ச நாள் நின்றது. அப்புறம் இறங்கியது. மருந்தே இல்லாமலும் ஜெபிஷா பிழைத்துக்கொண்டாள்.

சிகாமணி மறுபடி ஓட்டினார். பிழைத்தாள். கிருமியை இரண்டு மடங்காக்கினார். பிழைத்தாள். பத்து மடங்காக்கினார். முடியாது என்று சற்று முன் சொன்ன வேலையைத்தான் இப்போது செய்துகொண்டிருந்தார். ஆனால் ஜெபிஷா சாக மறுத்தாள்.

"ரத்தக் குழாய் கசியுத இடத்துல என்ன எழுதியிருக்கீங்க டாக்டர்?" என்று இசக்கியம்மாள் கேட்டார். அந்தப் பகுதி சிகாமணியே எழுதியது.

"ரத்தத்துல தண்ணி ரொம்பக் குறைஞ்சா கணக்கு உடைஞ்சு புரோகிராம் நின்னுபோவுது. அதனால ஒரு அளவுக்குக் கீழ இறங்காமப் பிடிச்சு வைக்க ஒரு வரி போட்டேன். இங்க எல்லாரும் செய்யுததுதானே?"

"செய்யுதோம். நானும் செஞ்சிருக்கேன். எந்த அளவுல பிடிச்சு வெச்சீங்க?"

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பிள்ளைக்குக் கை சில்லிட்டு உயிர் போவுத அளவு ஒண்ணு இருக்கே, அதுக்குக் கொஞ்சம் மேல."

மேசைத் தொலைபேசி அடித்தது. சிகாமணியே எடுத்தார். மறுமுனையில் இயக்குநர்.

"கையெழுத்து என்னாச்சு?"

"கிடையாது சார்."

"போனை அவங்ககிட்ட குடுங்க. நான் பேசிக்கிறேன்."

"அவங்க போட்டாலும் என் வார்டுல ஒரு சொட்டு இறங்காது. கட்டில் பக்கத்துல நிக்குறவன் நான்."

"பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்லியாச்சுய்யா!"

"அப்ப அவங்களுக்கு ஏத்துங்க," என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அறையில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. சிகாமணி சிரிக்கவில்லை. கணினிப் பக்கம் திரும்பி, அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்தார்.

"இதை எடுத்தா புரோகிராம் உடையுமே டீச்சர்?"

"உடையுத இடத்துல, பிள்ளை இறந்துட்டுன்னு எழுதுங்க."

எழுதினார். ஓட்டினார். நீலம் பெருகியது, அடங்கவில்லை. ஐப்பசியில் ஜெபிஷாவின் மூச்சு நின்ற அதே ஐந்தாம் நாளில் எல்லாம் நின்றது.

மருந்தைச் சேர்ந்த அன்றே கொடுத்து ஓட்டினார். நான்காம் நாளிலேயே போய்விட்டாள். படையை அடக்கியதும் கிருமி கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டது. இரண்டு நாள் தள்ளிக் கொடுத்தார். பிழைத்தாள். நிஜ உடம்பைப் போலவே கணினியிலும் ஒவ்வொரு ஓட்டமும் கொஞ்சம் மாறும். அதையே இன்னொரு தடவை ஓட்டினார். இறந்தாள்.

சிகாமணி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். திங்கட்கிழமை என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என்னால முடியல," என்றார். "ஒரு தடவை அவளைத் தூக்கிக் குடுத்ததே இன்னும் ஆறல. இன்னும் எத்தனை தடவை அவளைச் சாகவிடச் சொல்லுதீங்க டீச்சர்?"

இசக்கியம்மாள் இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். எண்களை மாற்றி மறுபடி ஓடவிட்டார்.

"இங்க எத்தனை தடவை வேணும்னாலும் சாகட்டும் டாக்டர். அங்க சாக விடாதீங்க."