எட்டுக்காலி ஏன் நடுவில் காத்திருக்கிறாள்

அந்தக் காலத்தில் பூச்சி புழுவுக்கெல்லாம் வாய் இருந்தது, பேச விஷயமும் நிறைய இருந்தது. ஆற்றங்கரைக் காடு முழுவதற்கும் சேதி கடத்தும் வேலை அப்போது எட்டுக்காலியுடையது. சிலந்தியைத்தான் சொல்கிறேன். மருத மரத்தின் நடுக்கிளையில் அவள் உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்து நாலா பக்கமும் அவள் நூல் போகும். ஆமைக்கு மானோடு பேச வேண்டுமா? எட்டுக்காலியின் முன்னால் வந்து நிற்க வேண்டும். அவள் ஆமையின் நூலையும் மானின் நூலையும் சேர்த்து முடிச்சுப் போடுவாள். பேசி முடிக்கிற வரை அந்த நூல் அவர்கள் இருவருக்கு மட்டும்தான். மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஆமை பேசுகிற அழகு தெரியுமே! ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நாம் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

"அக்கா, அடுத்து என்னைக் கொஞ்சம் கவனிங்க அக்கா" என்று எல்லோரும் குழைவார்கள். அந்தக் குழைவு இருக்கிறதே, அதுதான் எட்டுக்காலிக்குச் சாப்பாடு.

எறும்புகளை மட்டும் அவள் கிட்டேயே சேர்க்கமாட்டாள். "எங்கே பழம் விழுந்தது, எங்கே புழு செத்தது, உங்க சேதி அதுதானே? போங்கடி, அப்புறம் பார்க்கலாம்." அந்த அப்புறம் வரவே இல்லை.

எறும்புகள் என்ன செய்யும் பாவம்? தாங்களே சுமந்து போகலாம் என்றால், ஒரு எறும்பின் தலையில் ஒரு வார்த்தைக்கு மேல் நிற்காது. குருணை என்று ஒரு சிற்றெறும்பு. அவள்தான் வழி கண்டாள். சேதியை நறுக்கினாள். ஆளுக்கு ஒரு வார்த்தை. அது எத்தனாவது வார்த்தை, யாருக்குப் போகிறது, இவ்வளவுதான் ஒருத்தியின் சுமை. முழு வழியும் யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். எதிரே வருகிறவளை நிறுத்தி, "இந்தப் பக்கம் திறந்திருக்கா?" என்று கேட்டால் போதும். ஒருத்தி வேர் வழியாகப் போவாள், இன்னொருத்தி கொடி வழியாகப் போவாள், பிந்திக் கிளம்பியவள் முந்தியும் வந்துவிடுவாள். போய்ச் சேர்ந்த இடத்தில் எண் பார்த்து வரிசையாக நின்றால் சேதி முழுசாகிவிடும். நடுவில் ஒரு வார்த்தை வராவிட்டால், "அது வரலை, மறுபடி அனுப்பு" என்று ஆள் போகும்.

சிரிக்காதீர்கள். இன்றைக்குக் கடலுக்கு அடியில் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் சேதி அனுப்புகிறார்களே, இன்டர்நெட்டு, அதில் நடப்பதும் இதே எறும்பு வேலைதான். உங்கள் போனிலிருந்து கிளம்புகிற கல்யாணப் போட்டோ முழுசாகவா போகிறது? பொட்டலம் பொட்டலமாக நறுக்கி, எண்ணும் முகவரியும் போட்டு, கிடைத்த வழியில் ஓடுகிறது. படம் பார்க்கும்போது வட்டம் சுற்றுகிறதே, யாரோ ஒரு குருணை இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

கதைக்கு வருகிறேன். ஒரே வேரின் மேல் ஆமையின் வார்த்தையும் முயலின் வார்த்தையும் பக்கத்தில் பக்கத்தில் போயின. யாருக்காகவும் யாரும் காத்திருக்கவில்லை. ஒவ்வொருத்தராக எறும்புப் பக்கம் சாய்ந்தார்கள். கடைசியில் ஆமையும் போயிற்று.

"நீங்களுமா?" என்றாள் எட்டுக்காலி. "அங்கே அப்படி என்ன கண்டீங்க?"

"ஒண்ணுமில்லேம்மா. நான் யோசிச்சு யோசிச்சுப் பேசினாலும் அங்கே யாரும் எனக்குப் பின்னால நின்னு பெருமூச்சு விடறதில்லே."

எட்டுக்காலிக்கு வயிறு பற்றி எரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கூட்டம், அவள் வாசலில் நின்று கெஞ்சிய கூட்டம், அதற்கு வந்த வாழ்வைப் பார்! அக்கரை நாணலில் அவள் தன் முட்டைப்பையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். முன்பெல்லாம் தினம் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருவாள். இப்போது எறும்பு வரிசையை முறைத்துப் பார்க்கவே பொழுது சரியாக இருந்தது.

ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆற்றின் குறுக்கே விழுந்து கிடந்த மரம்தான் எறும்புகளின் பாலம். அதில் கண்ணி கட்ட முடிவு செய்தாள். நூல் போதவில்லை. அக்கரை நாணலுக்குப் போகிற தன் சொந்த நூலையே இழுத்துச் சுருட்டினாள். 'நாளைக்கு வேறு விட்டால் போச்சு' என்று நினைத்துக்கொண்டாள்.

அக்கரையிலிருந்து எறும்புகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தன. முன்னால் வந்த குருணையே முதலில் மாட்டினாள்.

"அக்கா, அவசரம்! யாருக்குன்னாவது கேளுங்க..."

"யாருக்கா இருந்தா எனக்கென்னடி?" என்று அவள் வாயையும் சேர்த்துச் சுற்றினாள் எட்டுக்காலி. பின்னால் வந்தவளையும் அப்படியே கட்டித் தொங்கவிட்டாள்.

அதற்குப் பின்னால் வந்தவர்கள் நின்று, முகத்தோடு முகம் வைத்து, "பாலம் அடைபட்டிருக்கு" என்று சொல்லித் திரும்பினார்கள். ஓட்டம் நிற்கவில்லை. மேல் பாறையிலிருந்து ஆற்றின் குறுக்கே தொங்கிய கொடியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் அது நெடுந்தூரம்.

எட்டுக்காலி தன் கிளையில் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் எறும்புகள் மூச்சிரைக்க அவள் முன்னாலேயே வந்து வரிசையாக நின்றன. நடுவில் இரண்டு இடம் காலி.

"எட்டுக்காலி அக்காவுக்குச் சேதி" என்றது ஒன்று.

"எனக்கா?"

ஒவ்வொருத்தியாகத் தன் வார்த்தையைச் சொன்னாள். "உடனே." "வா." அப்புறம் ஒரு காலி இடம். "சாயுது." இன்னொரு காலி இடம். "தண்ணிக்குள்ள." "போகுது."

"என்னடி சாயுது? எது போகுது? மிச்சம் ரெண்டு எங்கே?"

எறும்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "உங்க நூல்லதான் தொங்குது அக்கா."

எட்டுக்காலி பாலத்துக்கு ஓடினாள். தான் போட்ட கட்டைத் தானே கடித்து அவிழ்த்தாள். குருணை இருமிக்கொண்டே தன் வார்த்தையைச் சொன்னாள்: "நாணல்." அடுத்தவள் சொன்னாள்: "முட்டைப்பை."

அவள் அக்கரை சேர்ந்தபோது நாணல் இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சேதி அனுப்பிய மீன்கொத்தி கிளையில் இருந்தது.

"உன் நூலை ஆட்டிக் கூப்பிடலாம்னு பார்த்தேன், நூலே இல்லை. அதான் எறும்பை அனுப்பினேன். வெள்ளம் தொடுறதுக்குள்ள பை வெடிச்சுது. குஞ்செல்லாம் ஆளுக்கு ஒரு இழையை விட்டுக் காத்துல ஏறிப் போயிட்டுது. கொஞ்சம் முந்தி வந்திருந்தா முகத்தையாவது பார்த்திருப்பே."

எட்டுக்காலி குருணையிடம் திரும்பி வந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் குழைந்தாள். "அம்மா காத்திருக்கேன்னு என் பிள்ளைங்களுக்கு ஒரு சேதி சொல்லணும்மா."

குருணைக்குக் கோபம் இல்லை. "சொல்லிடலாம் அக்கா. யாருக்கு? பேரும் இடமும் சொல்லுங்க."

பேர் இன்னும் வைக்கவில்லை. இடம் காற்றுக்குத்தான் தெரியும். எட்டுக்காலி தன் கிளைக்குப் போய்விட்டாள்.

இன்றைக்கும் எறும்பு எதிரே வருகிற எறும்பை நிறுத்தி முகத்தோடு முகம் வைத்து வழி கேட்காமல் நகர்வதில்லை. எட்டுக்காலியோ அன்றையிலிருந்து வலையின் நட்டநடுவில் கம்பிக்கு ஒரு கால் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். எந்தக் கம்பி லேசாக ஆடினாலும் பிள்ளைதானோ என்று விழுந்தடித்து ஓடுகிறாள். ஈயைப் பார்த்ததும், அந்த ஆத்திரத்தில், அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டிவிடுகிறாள்.