பிரிக்காத கவர்

செல்போன் அலை உயிரை என்ன செய்கிறது என்று ஆராயும் மாணவர்களுக்கு ஒரு பரிசு உண்டு. அந்த வருஷம் நடுவர் பேராசிரியர் திருமலைக்கொழுந்து. முப்பது வருஷம் அலையோடு புழங்கியவர். அவர் எதிரில் துறைத்தலைவர்களே உட்காரத் தயங்குவார்கள்.

சாத்தூரிலிருந்து வந்த மாணவி முத்தழகி, அரங்கத்து மேஜையில் பத்துக் கப்பில் வெந்தய நாற்று வைத்திருந்தாள். அதில் ஐந்து செல்போன் அலை பட்டவை.

“இதுல அலை பட்ட அஞ்சு எது?” என்றார் பேராசிரியர்.

“தெரியாது ஐயா. கப்புக்கு அடியில நம்பர் ஒட்டியிருக்கு. எந்த நம்பர் அலை பட்டதுன்னு லேப் அட்டெண்டர் எழுதி, இந்தக் கவர்ல போட்டு ஒட்டிட்டார். நான் செடியை அளந்ததோட சரி.”

அரங்கம் சிரித்தது.

“செஞ்ச உனக்கே தெரியலைன்னா பரிசு எதுக்கு? எனக்குப் பார்த்தாலே தெரியும்.”

“காட்டுங்க ஐயா, கத்துக்கறேன்.”

லென்ஸ் வைத்துப் பார்த்து, வாடியவை என்று ஐந்தை ஒதுக்கினார். முத்தழகி அவற்றின் அடியில் இருந்த நம்பர்களைக் குறித்துக்கொண்டு, பத்தையும் இடம் மாற்றி வைத்தாள்.

“இன்னொரு தடவை ஐயா.”

அவர் சளைக்காமல் மறுபடியும் ஐந்தை ஒதுக்கினார். அவள் அதையும் குறித்து, இரண்டு பட்டியலையும் நீட்டினாள். இரண்டிலும் பொதுவாக இருந்தவை இரண்டே நம்பர்கள்.

“எது அலை பட்டதுன்னு தெரிஞ்சிருந்தா, என் கண்ணும் நினைச்சதைத்தான் பார்த்திருக்கும் ஐயா. அதான் தெரிஞ்சுக்கலை.”

திருமலைக்கொழுந்து எழுந்து நின்றார். கவரை எடுத்தார். பிரிக்கவில்லை. அதன் மேலேயே ‘முதல் பரிசு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.