யாருடைய கை

பாக்கியமணி டீச்சர் வகுப்பு எடுக்கும்போது பிள்ளைகளைப் பார்க்க மாட்டார். ஜன்னலைப் பார்த்து நிற்பார்.

டைப் ஹாலில் மெஷின்கள் இரண்டு வரிசையாக இருந்தன. ஒவ்வொரு மெஷினிலும் எழுத்துகளை மறைத்து ஒரு தகர மூடி. பார்க்காமல் அடித்துப் பழக வேண்டும் என்பதற்காக. மூடிக்குக் கீழே கையை நுழைத்துக்கொண்டு பிள்ளைகள் அடிப்பார்கள். டீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஜன்னலுக்கு வெளியே உப்பளம். அதற்கு அப்பால் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, "இசக்கித்தாய், மோதிர விரல்" என்பார். இசக்கித்தாய் குனிந்து பார்த்தால் மோதிர விரல் பக்கத்து எழுத்தில் ஏறி இருக்கும். "ஜெபசிங், யாரும் உன்னைத் துரத்தலை" என்பார். ஜெபசிங் வேகத்தைக் குறைப்பான். அவருக்குக் காது போதும். எந்த மெஷினில் யார் உட்கார்ந்தாலும் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார்.

பேச்சில் அடிக்கடி நிறுத்துவதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கமா டீச்சர். அது அவருக்கும் தெரியும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் வணிகப் பிரிவைப் பின்கட்டில் தள்ளி வைத்திருந்தார்கள். மார்க் குறைந்தவர்கள் சேரும் இடம் என்று அறிவியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. வணிகப் பிரிவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவர்களுக்கு வேறு பாஷை இருந்தது. வகுப்பில் படித்த வணிகக் கடிதங்களின் பாஷை. மத்தியானம் மைதீன் சோற்று டப்பாவைத் திறந்தால் ஜெபசிங் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொள்வான். அன்புடையீர், பொருள்: முட்டை. பார்வை: இப்போது வீசிய வாசனை. மேற்படிச் சரக்கில் பாதியைத் தாமதமின்றி அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம் என்பான். மைதீன் வாயில் சோற்றோடு, தங்கள் கடிதம் கிடைத்தது, சரக்கு கைவசம் இல்லை, தற்போதுதான் தீர்ந்தது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்பான்.

எல்லாரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். சேர்மத்துரை மட்டும் பதினொன்றில் வந்து சேர்ந்தவன். அப்பாவுக்குச் சூரத்தில் வேலை. அம்மாவும் அவனும் இந்த ஊருக்கு வந்தது அந்த ஜூன் மாதம்தான்.

முதல் சில வாரங்கள் அவனிடம் யாரும் பகையாகவும் இல்லை, பிரியமாகவும் இல்லை. மத்தியானம் அவர்கள் வட்டமாக உட்காருவார்கள். வட்டத்தில் இவனுக்கு இடம் இருக்கும். முட்டை பற்றிய கடிதம் இவனைத் தாண்டிப் போகும், தாண்டி வரும்.

ஒருநாள் டைப் ஹாலில் அவனுக்குச் சலிப்பாக இருந்தது. பக்கத்தில் இசக்கித்தாய் அடிப்பதையே கேட்டுக்கொண்டிருந்தான். அவள் நான்கு எழுத்து சீராக அடிப்பாள், ஐந்தாவதில் தயங்குவாள், பிறகு அவசரமாக வந்து சேருவாள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி. அவள் கையை எடுத்துப் பேனாவுக்கு மை ஊற்றத் தொடங்கிய நேரத்தில் இவன் தன் மெஷினில் அதை அப்படியே அடித்துப் பார்த்தான். தயக்கம், ஓட்டம், எல்லாம்.

"இசக்கித்தாய், மோதிர விரல்" என்றார் டீச்சர், ஜன்னலைப் பார்த்தபடி.

இசக்கித்தாய் மைப்புட்டியும் கையுமாக விழித்தாள். ஹாலே சிரித்தது. டீச்சர் திரும்பினார். மைப்புட்டியைப் பார்த்தார், சேர்மத்துரையைப் பார்த்தார். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு மத்தியானம் வட்டத்துக்கு நடுவில் அவன்தான்.

அதன் பிறகு டீச்சர் ஹாலில் இல்லாத நேரமெல்லாம் அதுதான் விளையாட்டு. ஏலே சேர்மா, அடிச்சுக் காட்டு என்பார்கள். எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். இவன் அடிப்பான். ஜெபசிங் என்றால் ஒரே ஓட்டம், வரி முடியும் மணி அடித்த பிறகுதான் நிற்கும். மைதீனுக்கு ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே கொட்டாவி விடுகிற அளவு இடைவெளி. ஆளைக் கண்டுபிடித்ததும் பெயரைக் கத்துவார்கள். மாட்டிக்கொண்டவன் நான் அப்படியா அடிக்கேன் என்பான், ஆமா என்று ஊரே சொல்லும். இசக்கித்தாய் ஒருமுறை சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். சேர்மத்துரைக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. வீட்டில் அம்மா அதிகம் பேச மாட்டாள். அவள் ரேடியோ கேட்பாள், அல்லது சூரத்திலிருந்து பக்கத்து வீட்டுக்கு வரும் போனுக்குக் காத்திருப்பாள். இவன் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிப் பழகுவான். புதிதாக ஒருவர் அடிக்கும் விதத்தை, அந்த ஆளின் கையை, பழகிக்கொண்டு போனால் மறுநாள் கூடுதலாகச் சிரிப்பார்கள்.

ஆனால் விளையாட்டு முடிந்ததும் அவர்கள் திரும்பி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தங்கள் பேச்சைத் தொடர்வார்கள். எட்டாம் வகுப்பில் நடந்த ஏதோ ஒன்று. எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒரு சார். இவனும் சிரிப்பான், எதற்கென்று தெரியாமல்.

கார்த்திகை மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துக் கிடந்தான். படுத்தபடியே, திரும்பப் போனதும் என்ன சொல்வது என்று யோசித்தான். எங்கேலே போன என்று ஜெபசிங் கேட்பான். உடனே எழுந்து நின்று கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அன்புடையீர், பொருள்: காய்ச்சல். பார்வை: டாக்டர் பார்த்தது. அம்மா ஈரத்துணியை மாற்றும்போது அதை நினைத்துத் தனக்குள் சிரித்தான். அம்மா என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான்.

திங்கட்கிழமை போனான். காய்ச்சல் விட்டிருந்தது. கடிதம் வாயில் தயாராக இருந்தது.

ஜெபசிங் இவனைப் பார்த்ததும் தோளில் கையைப் போட்டான். "ஏலே, நேத்து மைதீன் மாதிரி அடிச்சியே, எங்க அக்காட்டச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா" என்றான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாளும் அவன் அங்கே இல்லை. அதற்கு முந்தின நாளும் இல்லை. ஜெபசிங்குக்கு அது தெரியவில்லை. மற்றவர்களும் அதைத் திருத்தவில்லை. அடிச்சுக் காட்டுலே என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். அவன் அடித்துக் காட்டினான். அவர்கள் சிரித்தார்கள். சொல்லாத கடிதத்தைச் சாயங்காலம் வீட்டுக்கே கொண்டுபோனான்.

மறுநாள் பள்ளி விட்ட பிறகு டைப் ஹாலுக்குப் போனான். டீச்சர் மெஷின்களுக்கு ஒவ்வொன்றாக உறை போட்டுக்கொண்டிருந்தார். இவன் வாசலிலேயே நின்றான். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். காய்ச்சல், நேற்று என்று ஜெபசிங் சொன்னது, எல்லாம். கடைசியில் கேட்டான்.

"எல்லாரும் என்கிட்டச் சிரிக்காங்க டீச்சர். ஆனா நான் வந்தா வராட்டா யாருக்கும் தெரியலை. ஏன்?"

டீச்சர் கையிலிருந்த உறையை மடித்தார்.

"ரிஜிஸ்தர்ல உனக்கு ஆப்சென்ட் போட்டேன். அதனால எனக்குத் தெரியும்" என்றார். உறையை மேசையில் வைத்தார். "ஆனா, ஜன்னல் பக்கம் திரும்பி நின்னப்போ, சத்தத்துல எதுவும் குறையலை, எனக்கும் தெரியலை."

அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். அவனுக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

அடுத்த வகுப்பில் டீச்சர் ஒரு புது வேலை சொன்னார். இன்றைக்குப் பாடம் வேண்டாம், சேர்மத்துரை மட்டும் அடிக்கட்டும், மற்ற எல்லாரும் சுவரைப் பாருங்கள் என்றார். பிள்ளைகளுக்கு நம்ப முடியவில்லை. கமா டீச்சருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு திரும்பினார்கள். டீச்சரும் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார்.

அவன் முதலில் இசக்கித்தாய் மாதிரி அடித்தான். ஹால் ஒரே குரலில் பெயரைச் சொன்னது. ஜெபசிங்கை அடித்தான், மைதீனை அடித்தான். அவ்வளவு நன்றாக ஒருநாளும் அடித்ததில்லை. டீச்சரின் தோள்கூடக் கொஞ்சம் குலுங்கியது.

பிறகு டீச்சர் அவன் பக்கத்தில் வந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "இப்போ, உன்னை அடி" என்றார்.

அவன் மூடிக்குக் கீழே கையை வைத்தான். அடித்தான்.

இசக்கி என்றது ஒரு குரல். இல்லை, இது ஜெபா என்றது இன்னொன்று. முதலில் இசக்கித்தாயாகத் தொடங்கியது நடுவில் ஓட ஆரம்பித்திருந்தது. அதைக் கேட்டுவிட்டு அவன் மெதுவாக்கினான். மைதீன் என்றார்கள். நிறுத்தி, மறுபடி தொடங்கினான். ஹாலில் இருந்த எல்லாருடைய பெயரும் ஒவ்வொன்றாக வந்தது. இங்கே இல்லாத அறிவியல் பிரிவுக்காரன் ஒருவன் பெயர்கூட வந்தது.

"ரெண்டு பேர் ஒரே மெஷின்ல சண்டை போடுதாங்க டீச்சர்" என்றான் ஜெபசிங்.

எல்லாரும் சிரித்தார்கள். பழக்கத்தில் சேர்மத்துரையும் சிரித்தான். பிறகு கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

டீச்சர் யாரென்று சொல்லவில்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே போனார்கள். போகும்போது மைதீன், கடைசியில் அடிச்சது யாருலே என்று கேட்டான். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

சேர்மத்துரை எழுந்திருக்கவில்லை.

"என் கை எது டீச்சர்?"

டீச்சர் மெஷினின் தண்டுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். உப்புக் காற்றில் துரு பிடித்திருந்தது.

"சனிக்கிழமை எண்ணெய் போடணும்" என்றார். "வா."

சனிக்கிழமை பள்ளிக்கூடம் வேறு இடம் மாதிரி இருந்தது. கொடிக்கம்பத்துக் கயிறு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. டீச்சர் ஹாலைத் திறந்துவிட்டு எண்ணெய்க் குப்பியையும் பழந்துணியையும் கொடுத்தார். எண்ணெய் போட்ட பிறகு ஒவ்வொரு மெஷினிலும் கொஞ்ச நேரம் அடித்துப் பார்க்கச் சொன்னார். தான் எதிரே ஆசிரியர் அறையில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அங்கே அவரைத் தவிர ஒருவரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பது வராண்டா வழியாகத் தெரிந்தது. இங்கேயும் முதுகுதான் தெரிந்தது.

அவன் எண்ணெய் போட்டான், துடைத்தான், அடித்துப் பார்த்தான். ஜெபசிங் வழக்கமாக உட்காரும் மெஷினில் ஜெபசிங் மாதிரி அடித்தான். பெயரைச் சொல்ல ஆள் இல்லை. இசக்கித்தாயின் மெஷினில் அவளை அடித்தான், ஐந்தாவது எழுத்தில் தயங்கினான். அந்தத் தயக்கத்தில் வழக்கமாக வரும் சிரிப்பு வரவில்லை. அது இல்லாமல் வெறும் தயக்கமாக இருந்தது. மைதீனையும் மற்றவர்களையும் அடித்து முடித்தபோது வெயில் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. எதிர் அறையில் டீச்சர் அசையவில்லை.

கடைசியாக அவனுடைய மெஷின். எண்ணெய் போட்டுவிட்டு உட்கார்ந்தான். காய்ச்சலுக்குப் பிறகு கையில் பலம் முழுதாக வந்திருக்கவில்லை. தகர மூடியை எடுத்துவிட்டு எழுத்துகளைப் பார்த்தான். பிறகு மூடியைத் திரும்ப வைத்தான். யாரையாவது அடிக்கலாம் என்று யோசித்தான். எல்லாரையும் அடித்தாகிவிட்டது.

ஜூன் மாதம் முதல்நாள் சொல்லிக்கொடுத்த பாடத்தை அடித்தான். விரல்களை வைக்க வேண்டிய எழுத்துகள், ஒரே வரிசை, திரும்பத் திரும்ப. சுண்டுவிரல் அழுந்தவில்லை. அந்த எழுத்து வரும் இடத்தில் சத்தம் பாதிதான் கேட்டது. இடைவெளி விடும்போது கட்டைவிரல் சில சமயம் இரண்டு முறை விழுந்தது. சீராகவும் இல்லை, வேடிக்கையாகவும் இல்லை. அது அவனுக்கே கேட்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் நிறுத்தினால் கொடிக்கயிற்றின் சத்தம் மட்டும்தான் இருக்கும் என்பதால் அடித்துக்கொண்டே இருந்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கையை எடுக்க வேண்டும், எடுக்கவில்லை.

எதிர் அறையில் நாற்காலி நகர்ந்தது. வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் வாசலில் வந்து நின்றார். ஜன்னல் பக்கம் போகவில்லை. அவனைப் பார்த்தார்.

அவன் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

"சத்தம் நல்லா இல்லையா டீச்சர்?"

"நல்லா இல்லை."

"இவ்வளவு நேரம் நல்லாத்தான் அடிச்சேன். அப்போ நீங்க வரலையே."

"அதெல்லாம், எனக்குத் தெரிஞ்ச பிள்ளைங்க."

"இது?"

டீச்சர் பக்கத்து மெஷினின் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"யாருன்னு தெரியலை. அதான் எந்திச்சு வந்தேன்."