ஊஞ்சலடி நாய்கள்

மேகம் இறங்கி வந்து முற்றத்தில் படுத்துக்கொள்ளும் மலையூர் அது. அங்கே ஜமீன்தார் சேதுராயருக்கு நாலு வெள்ளை நாய்கள். காலையில் ஊஞ்சலில் உட்கார்ந்ததும் ஏதாவது ஒன்றை மடியில் ஏற்றி, "நீதான்டா என் ராசா" என்று கொஞ்சுவார். உடனே மற்ற மூன்றும் உறுமிக்கொண்டு பாயும். பூந்தொட்டி உடையும், காது கிழியும்.

ஒருநாள் அவருடைய பட்டு வேட்டியே கிழிந்துவிட்டது. நாய்களுக்குச் சோறு வைக்கும் சடைச்சியைக் கூப்பிட்டார்.

"எதுக்காக இதுங்க அடிச்சுக்குதுன்னு கண்டுபிடி. மேகம் கலையறதுக்குள்ள அதைத் தூக்கி வெளியே போடு. இல்லேன்னா நீ வெளியே போ!"

"எதுவா இருந்தாலும் போட்டுரலாமா சாமி?"

"என் தங்கத்தட்டா இருந்தாலும் போடு!"

"அப்படின்னா கொஞ்சம் வாசலுக்கு வாங்க சாமி, காட்டறேன்."

அவர் வாசற்படியைத் தாண்டியதும் பின்னால் பெரிய கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளும் விழுந்தது. ஜமீன்தார் தட்டினார், கத்தினார், தொண்டை வறண்டதும் கதவிடுக்கில் கண்ணை வைத்தார்.

உள்ளே காலி ஊஞ்சல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதனடியில் நாலு நாய்களும் ஒன்றின் முதுகில் ஒன்று தலைவைத்துத் தூங்கின. எது நாய், எது மேகம் என்றே தெரியவில்லை.

"அடியே, அடங்கிருச்சே!" என்று கிசுகிசுத்தார். "அப்படி எதைத்தான் வெளியே போட்டே?"

கதவுக்குப் பின்னாலிருந்து சடைச்சியின் குரல் மெதுவாக வந்தது.

"சாமி இப்ப எங்கே நிக்கிறீங்கன்னு பாருங்க."