கத்திரிக்குப் பொன்னாடை

போன மழைக்காலத்தில், ஒரு மனிதனின் தொண்டையில், ஓர் உயிரணு வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்.

கிருமி நுழைந்தால் ஊதித் தெருவை எழுப்புவது சங்கின் வேலை. அப்படியும் தீராவிட்டால் வீட்டையே சத்தமில்லாமல் நறுக்கி மூட்டை கட்டுவது கத்திரியின் வேலை. மூலையில் கிடந்த வெடிக்கு வேலையே இல்லை. அதன் திரி மட்டும் அடுப்பை நோக்கி வளரும். கத்திரி தினமும் நறுக்கிவிடும்.

"ஒரு நாளாவது என்னை விடேன்ப்பா" என்று கெஞ்சும் வெடி.

"சும்மா கிட. செத்தாலும் மரியாதையாகச் சாக வேண்டும். பக்கத்து வீட்டு ஓடு ஒன்றுகூட உடையக் கூடாது."

இதில் கத்திரிக்கு ஏகப்பட்ட கர்வம். ஆனால், இத்தனை வருஷத்தில் யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

ஒரு நாள் வைரஸ் வந்தது. வந்ததும் சங்கின் வாயில் பஞ்சை அடைத்தது. பிறகு கத்திரியிடம் திரும்பிக் கும்பிட்டது.

"அண்ணே, இந்தத் தெருவில் அமைதி காத்தவர் நீங்கள்தான். சின்னதாக ஒரு மரியாதை" என்று பொன்னாடை போர்த்தியது.

கத்திரி நெஞ்சை நிமிர்த்திக் காட்டியது. வைரஸ் இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டது. அதற்குப் பிறகுதான் அலகுகளை விரிக்க முடியவில்லை என்பது கத்திரிக்கு உறைத்தது. "சே, ஒரு முழத் துணிக்கு விலைபோனேனே!"

வைரஸ் தன்னைப்போலவே நூறு பேரைச் செய்ய ஆரம்பித்தது. "சீக்கிரம்! அடுத்த வீடு காத்திருக்கிறது!"

நறுக்க ஆளில்லாத திரி மளமளவென்று வளர்ந்தது. அடுப்புக்கு ஒரு விரற்கடை இருக்கும்போதுதான் வைரஸ் பார்த்தது.

"அண்ணே, அது என்ன?"

"நான் தினமும் நறுக்குகிற திரி."

வைரஸுக்கு வியர்த்தது. "அவிழ்த்துவிடுகிறேன். நறுக்குங்கள்! உங்கள் விருப்பப்படி வீட்டையும் அமைதியாக முடியுங்கள்!"

கத்திரி சங்கைப் பார்த்தது. பஞ்சு அப்படியே இருந்தது. நான் அமைதியாக முடித்தால் இவன் வந்தது தெருவில் யாருக்குத் தெரியும் என்று நினைத்தது.

வைரஸ் முடிச்சில் கை வைத்தது. கத்திரி பொன்னாடையை இன்னும் இறுக்கிக்கொண்டது.

"போர்த்தியதைத் திரும்பக் கேட்காதே தம்பி. அசிங்கம்."

"ஏய் வெடி, நீயாவது சொல்லேன்!"

"நானா?" என்று சிரித்தது வெடி.

பக்கத்து வீடுகளில் ஓடுகள் உடைந்தன. தெருவிலிருந்த அத்தனை சங்குகளும் ஊதின.